ஐம்பதில் வளையுமா? சிறையில் நடக்கும் சிந்தனைத் திறன் வகுப்புகள் பற்றி

ஜூன் 3, பிற்பகல் (வாசகர் ஒருவரின் கேள்வி)

சிறையில் இருப்பவர்களுக்குச் சிந்தனைத் திறன், வாழ்க்கைத் திறன் என்று வகுப்பு எடுத்தால் அவர்கள் திருந்திவிடுவார்கள் என்கிறார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? நாற்பது வயது வரை ஒரு விதமாக வாழ்ந்து பழகியவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தி மாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

நான் பார்த்திருக்கிறேன். பதினோரு ஆண்டுகள் ஒரு சிறையில் வாரம் இரண்டு நாள் இந்த வகுப்பை நடத்தினேன். பாடம் நடத்தி மாற்ற முடியாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே நடப்பது பாடம் அல்ல. திருடாதே, அடிக்காதே என்று அந்த அறையில் யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் உள்ளே வந்தவர் ஒருவரும் இல்லை.

நடப்பது இதுதான். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் தமக்கு நேர்ந்த ஒரு சிக்கலை ஒரு தாளில் எழுதி வர வேண்டும். தாளில் நான்கு பகுதிகள் உண்டு: என்ன நடந்தது, அப்போது என்னென்ன நினைத்தேன், என்ன உணர்ந்தேன், அந்த எண்ணங்களுக்கு அடியில் எந்த நம்பிக்கை இருக்கிறது. எழுதியதை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்த எண்ணத்தின் வழியே போனால் எங்கே போய் முடியும், வேறு எந்த எண்ணம் இருந்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம் என்று பேசுவோம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். மூன்றாவது முறையாக உள்ளே வந்திருந்தார். மூன்றும் அடிதடி வழக்குகள். தொலைபேசிக்கு வரிசையில் நின்றபோது நடந்த கைகலப்பை எழுதி வந்தார். "என்ன நடந்தது" என்ற இடத்தில், "அவன் வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்தினான்" என்று எழுதியிருந்தார். சுவரில் இருக்கும் கேமராவுக்கு அவமானம் தெரியாது, கேமரா பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எழுதினார்: "எனக்கு முன்னால் நின்றவர் பத்து நிமிடம் முடிந்த பிறகும் மூன்று நிமிடம் பேசினார். நான் ரிசீவரைப் பிடுங்கினேன்." எண்ணங்கள் என்ற இடத்தில் நான்கு வரிகள் இருந்தன. "என்னைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள். இன்றைக்கு விட்டால் நாளைக்குத் தலைமேல் ஏறுவான். மகள் தூங்கப் போய்விடுவாள்."

வாசித்து முடித்தவர் நான்காவது வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் வரிசையில் போய் நின்றதே அந்த வரிக்காகத்தான். கைகலப்புக்குப் பிறகு இரண்டு வாரம் அவருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. பென்சிலை வாங்கி அந்த வரிக்கு அடியில் இரண்டு முறை கோடிட்டார். வகுப்பு என்றால் இவ்வளவுதான். ஆனால் இதையே மாதக்கணக்கில், கை பழகும்வரை செய்ய வேண்டும்.

ஜூன் 4

நேற்றைய கேள்வியில் வந்த "திருந்துவது" என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "திருத்து" என்பது பிறவினை, "திருந்து" என்பது தன்வினை. கைதிகளைத் திருத்துவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாளைத் திருத்தலாம், நிலத்தைத் திருத்தலாம். மனிதர் விஷயத்தில் வெளியிலிருந்து செய்யக்கூடியதெல்லாம் அவர் திருந்துவதற்கான கருவியைக் கையில் கொடுத்து, அதைப் பிடிக்கக் கற்றுத்தருவது மட்டுமே. பயிற்சிக்கு வந்த புதிய பயிற்றுநர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் முதல் இரண்டு ஆண்டுகள் நானே பிறவினையில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஜூன் 6

பழமொழிக்கு வருகிறேன். குற்றத்தைப் பொறுத்தவரை ஐந்தில் வளையாதவர்களும் வயது ஏற ஏறப் பெரும்பாலும் வளைகிறார்கள். குற்றச்செயல்கள் பதின்வயதில் ஏறி, இருபதுகளுக்குப் பிறகு படிப்படியாக இறங்குவது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் பதிவான ஒன்று. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிச் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 சிறுவர்களின் வாழ்க்கையை ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களின் எழுபது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். கொடிய தொடக்கம் கொண்டவர்கள்கூடக் காலப்போக்கில் குற்றத்திலிருந்து விலகியிருந்தார்கள். திருமணம், நிலையான வேலை, படைச் சேவை ஆகியவை பலருடைய வாழ்க்கையில் திருப்புமுனையாக இருந்தன.

ஆனால் இந்தச் செய்தி என் கட்சிக்கும் ஆபத்தானது என்பதை எழுதும்போதே உணர்கிறேன். எப்படியும் வயதாகி விலகப்போகிறவர் என்றால், அவர் விலகியதற்கு என் வகுப்புதான் காரணம் என்று நான் எப்படிச் சொல்வது? தொலைபேசிக்காரர் பிறகு சண்டை போடவில்லை என்று நான் சொன்னால், வகுப்புக்கு வராத இன்னொரு நாற்பது வயதுக்காரரும் போடாமல் இருந்திருக்கலாமே. ஆகவே "நான் நேரில் பார்த்தேன்" என்பது போதாது. வகுப்புக்கு வந்தவர்களையும், அவர்களைப் போன்றே இருந்து வராதவர்களையும் ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

அந்த ஒப்பீட்டின் வரலாறு சோர்விலிருந்து தொடங்குகிறது. 1974-இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1945-க்கும் 1967-க்கும் இடையில் வெளிவந்த 231 ஆய்வுகளின் அடிப்படையில் ஒரு கட்டுரை எழுதினார். அங்கொன்றும் இங்கொன்றும் தவிர, சீர்திருத்த முயற்சிகளால் மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அதன் சாரம். "எதுவும் பலிக்காது" என்று அதைச் சுருக்கிக்கொண்டு பலரும் பேசத் தொடங்கினார்கள். 1979-இல் அவரே தம் முடிவைத் திருத்தி எழுதினார். சில முயற்சிகள் சில சூழல்களில் பயன் தருகின்றன என்றார். முதல் கட்டுரை பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை.

1980-களில் கனடாவில் ராபர்ட் ராஸ், எலிசபெத் ஃபாபியானோ இருவரும், மறுகுற்றத்தைக் குறைத்த திட்டங்களில் பொதுவாக என்ன இருந்தது என்று தேடினார்கள். நடந்துகொள்ளும் முறையை மட்டும் தொடாமல், யோசிக்கும் முறையையும் தொட்ட திட்டங்களே பலன் தந்தவை என்று கண்டு, தாமே ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார்கள். ஒண்டாரியோவில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த 62 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். ஒன்பது மாதத்தில் வழக்கமான கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் மீண்டும் தண்டனை பெற்றார்கள். சிந்தனைப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 18 விழுக்காட்டினரே. அந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பின்னர் 2005-இல் நானா லாண்டன்பெர்கர், மார்க் லிப்சி இருவரும் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வகுப்புக்கு வராதவர்களில் நூற்றுக்கு 40 பேர் மீண்டும் குற்றத்தில் விழுந்தால், வந்தவர்களில் 30 பேர் விழுகிறார்கள் என்பது அவர்கள் கண்ட சராசரி. எழுபதுக்குப் பதினெட்டு அல்ல, நாற்பதுக்கு முப்பது. நல்ல பயிற்றுநர் இருந்து, வகுப்பும் ஒழுங்காக நடத்தப்பட்ட இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

ஜூன் 7

மேலே எழுதியதை அப்படியே விட்டுவிடுவது நேர்மையாகாது. 2021-இல் ஒரு புகழ்பெற்ற மனநல மருத்துவ ஆய்விதழில், சிறைக்குள் நடக்கும் உளவியல் பயிற்சிகளைப் பற்றிய தொகுப்பாய்வு வெளிவந்தது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தப்பட்ட 29 ஆய்வுகள், 9,443 பேர். மொத்தமாகப் பார்த்தால் மறுகுற்றம் குறைந்தது. ஆனால் சிறிய ஆய்வுகளை ஒதுக்கிவிட்டுப் பெரியவற்றை மட்டும் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு மிஞ்சவில்லை. சிறைக்குள் தொடங்கிய பயிற்சி, வெளியே போன பிறகும் ஏதாவது ஒரு வடிவில் தொடர வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் வலியுறுத்தினார்கள்.

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு இதைப் படிக்காமல் யாரும் போய்விட வேண்டாம். 62 பேரை வைத்து, திட்டத்தை உருவாக்கியவர்களே அருகில் இருந்து நடத்திய ஒன்று, ஆயிரக்கணக்கானோருக்கு விரிவடையும்போது நீர்த்துப்போகிறது. நாங்கள் கற்றுக்கொண்ட கையேடும் இன்றைய கையேடும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய அறையில் இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்தால், அது அந்த வகுப்பு அல்ல.

ஜூன் 11

சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வகுப்பில் நன்றாகப் பேசுவான், சான்றிதழ் வாங்குவான், முன்கூட்டியே விடுதலை ஆவான். ஆறு மாதத்தில் திரும்பி வருவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா?"

தெரியும், ஐயா. என் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருந்தார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் நான் எதிர்பார்க்கும் விடையை, நான் பயன்படுத்தும் சொற்களாலேயே எழுதித் தருவார். மற்றவர்கள் தடுமாறும்போது எடுத்துக்கொடுப்பார். வருபவர்களிடமெல்லாம் அவரைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அவருடைய பிளாக்கில் பணியாற்றிய காவலர் ஒருவர்தான் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, இளையவர்களிடம் அவர் கடன் வசூல் செய்யும் விதத்தைச் சொன்னார்.

அதன் பிறகு சொற்களுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒருவர் கற்றுக்கொண்டாரா என்பது வகுப்பறையில் தெரியாது. வரிசையில், மருந்து வாங்கும் சன்னலில், வழக்கறிஞர் வராமல் போன நாளில் தெரியும். அதைப் பார்க்கிறவர்கள் உங்களைப் போன்ற காவலர்கள். அவர்களையும் வகுப்பில் உட்காரவைக்கும் இடங்களில்தான் பயிற்சி பிளாக் வரை போகிறது. கைதி ஒருவர் கையை உயர்த்தி, "சார், கொஞ்சம் நேரம் குடுங்க, நான் யோசிக்கணும்" என்று சொல்வதைக் காவலர் எதிர்ப்பாக எடுத்துக்கொண்டால், அந்த வாரம் நான் சொல்லிக்கொடுத்தது அங்கேயே செத்துவிடும்.

ஜூன் 12

காவலர் ஐயா கேட்டதன் தொடர்ச்சியாக: எழுதுவதும் பேசுவதும் போதாது என்பதால்தான் நடித்துப் பழகுவதற்கு இந்த வகுப்புகளில் பாதி நேரம் போகிறது.

சிகாகோவில் பதின்வயதுப் பையன்களுக்காக நடக்கும் ஒரு திட்டத்தின் முதல் பயிற்சி எளிமையானது. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கையில் ஒரு பந்தைக் கொடுத்துவிட்டு, அதை முப்பது விநாடிக்குள் வாங்கிவிடு என்று மற்றவரிடம் சொல்வார்கள். கையைத் திருகுவார்கள், விரலைப் பிரிப்பார்கள், தரையில் உருளுவார்கள். முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று யாராவது கேட்டீர்களா?" கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்று பந்தை வைத்திருந்தவரிடமும் கேட்பார். வெறும் பந்துதானே, கொடுத்திருப்பேன் என்பதே பெரும்பாலும் வரும் பதில்.

இதை நான் வளர்ந்தவர்களிடம் செய்து பார்த்தபோது ஒருவர் சொன்னார்: "சார், நான் முப்பது விநாடி யோசிச்சா, எதிர்ல இருக்கறவன் அடிச்சிட்டு வீட்டுக்கே போயிருப்பான்." அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சில தெருக்களில், சில பிளாக்குகளில், யோசிக்காமல் கையை ஓங்குவது முட்டாள்தனம் அல்ல. உயிரைக் காப்பாற்றிய பழக்கம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாம் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் வளர்ந்த இடத்தில் நிதானித்தவன்தான் அடிபட்டான். சிக்கல் அந்தப் பழக்கம் இருப்பதில் இல்லை. ஆசிரியர் திட்டும்போதும், முதலாளி கணக்குக் கேட்கும்போதும், மனைவி தாமதத்துக்குக் காரணம் கேட்கும்போதும் அதே பழக்கம் தானாக முந்திக்கொண்டு வருவதில்தான் இருக்கிறது. சண்டையே போடாதே என்று அந்தத் திட்டமும் சொல்வதில்லை. இப்போது எங்கே நிற்கிறாய் என்று பார்க்கச் சொல்கிறது.

குலுக்கல் முறையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, திட்டம் நடந்த காலத்தில் அந்தப் பையன்களிடையே வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தன. திட்டம் முடிந்த பிறகு கைது எண்ணிக்கையில் அந்த வேறுபாடு நீடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜூன் 18

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

ஒரு முறை வகுப்பில் இரண்டு இடம் காலியாக இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஆண்டு நிதி குறையும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். குறுகிய தண்டனையில் வந்திருந்த இருபது வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டேன். முதல் குற்றம், வெளியே குடும்பமும் படிப்பும் காத்திருந்தன. வகுப்பு அவனுக்குக் கெடுதல் செய்யாது, நல்லதுதானே என்று நினைத்தேன். மூன்று மாதம் அவன் வாரம் இரண்டு நாள், பத்து முறை உள்ளே வந்து போனவர்களோடு ஒரே வட்டத்தில் உட்கார்ந்தான். அவர்களை அண்ணே என்று அழைத்தான். வெளியே போனதும் அந்த அண்ணன்களில் ஒருவர் கொடுத்த முகவரிக்குத்தான் போனான். அடுத்து அவன் உள்ளே வந்தபோது வழக்கு மிகப் பெரியதாக இருந்தது.

டொனால்ட் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் பாண்டா முதலிய கனடிய உளவியலாளர்கள் 1990-இலேயே இதற்கான நெறியை எழுதிவைத்திருந்தார்கள். மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவர்களுக்குத் தீவிரமான பயிற்சி; வாய்ப்புக் குறைந்தவர்களை அவர்களோடு கலக்காமல் விட்டுவிடுவதே உதவி. குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவைகளைத் தொட வேண்டும். கற்பவரின் திறனுக்கும் இயல்புக்கும் ஏற்பக் கற்பிக்க வேண்டும். நான் அதைப் படித்திருந்தேன். பயிற்சியில் மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தேன். காலி நாற்காலி கண்ணில் பட்டதும் மறந்துவிட்டேன்.

நல்லெண்ணம் மட்டும் போதும் என்று யாராவது இங்கே எழுத நினைத்தால், 1939-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் தொடங்கிய திட்டத்தைப் பார்க்க வேண்டும். 506 சிறுவர்கள், பாதிப் பேருக்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசகர், பாடத்தில் உதவி, கோடை முகாம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அத்திட்டத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பல அளவுகோல்களில், எதுவும் பெறாதவர்களைவிட அவர்களுடைய வாழ்க்கை மோசமாக இருந்தது.

ஜூன் 19

அந்தப் பையன் இப்போது எங்கே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உள்ளேதான் இருக்கிறான். கடிதம் எழுதுகிறேன், சில நேரம் பதில் வருகிறது.

ஜூன் 27

இன்னொரு மறுசிந்தனை. சாக்குப்போக்குகளைப் பற்றி.

1957-இல் கிரெஷம் சைக்ஸ், டேவிட் மாட்சா இருவரும் இளங்குற்றவாளிகள் தம் செயலுக்குச் சொல்லும் நியாயங்களை ஐந்தாக வகைப்படுத்தினார்கள். நான் என்ன செய்வது, சூழ்நிலை அப்படி. யாருக்கும் பெரிய நட்டம் இல்லையே. அவனுக்கு அது வேண்டும். பிடித்த போலீஸ் மட்டும் யோக்கியமா? நண்பனுக்காகச் செய்தேன். பதினோரு ஆண்டுகளில் இந்த ஐந்துக்கு வெளியே நான் கேட்டது மிகக் குறைவு. (குற்றம் செய்யாத நாமும் வரி, போக்குவரத்து விதி போன்றவற்றில் இதே ஐந்தைத்தான் சொல்கிறோம்.)

தொடக்கத்தில் இவற்றை ஒவ்வொன்றாக உடைப்பதே என் வேலை என்று நினைத்தேன். ஒருவர் "சூழ்நிலை" என்றதும் நிறுத்துவேன். "நான் செய்தேன், நானே பொறுப்பு" என்று சொல்லும்வரை விடமாட்டேன். அமைதியான மனிதர் ஒருவர் ஆறாவது முறை அப்படி நிறுத்தப்பட்டபோது, "சரி சார், நான் கெட்டவன், பிறப்பே அப்படி, போதுமா?" என்றார். பிறகு மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்த வாக்குமூலம் கிடைத்தது, அவர் கைவிட்டுப் போனார்.

லிவர்பூலில் ஷாட் மருனா என்ற ஆய்வாளர், குற்றத்தை விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் தம் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். தொடர்ந்தவர்கள், என் தலையெழுத்து இப்படித்தான் என்ற தொனியில் பேசினார்கள். விட்டவர்களோ, அடிப்படையில் நான் நல்லவன்தான், சூழ்நிலை என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது, இனி என் அனுபவம் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்று பேசினார்கள். கவனியுங்கள்: "சூழ்நிலை" என்ற சாக்கு விட்டவர்களின் கதையிலும் இருக்கிறது. நடந்ததற்குச் சாக்குச் சொல்வது வேறு, நடக்கப்போவதற்குச் சொல்வது வேறு. நான் அழுத்த வேண்டியிருந்தது இரண்டாவதை.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கென நடந்த பெரிய திட்டத்தை 2017-இல் மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 8 விழுக்காட்டினரும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தது தெரிந்தது. திட்டம் கைவிடப்பட்டது. காரணம் இதுதான் என்று ஒன்றைச் சுட்ட மாட்டேன். ஆனால் கால் நூற்றாண்டு நடந்த ஒன்றைக்கூட எண்ணிப் பார்த்து நிறுத்த முடிந்தது என்பதை நான் மதிக்கிறேன். நம்பிக்கையால் மட்டும் நடக்கும் வகுப்புகள் நிற்பதில்லை.

ஜூலை 5

"அடிபட்டவர்களுக்கு யார் வகுப்பு எடுக்கிறார்கள்? அவர்களை விட்டுவிட்டு அடித்தவர்களுக்கு இத்தனை கவனமா?" என்று ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. என் குடும்பத்திலும் தாக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. இந்த வேலைக்குப் போகிறேன் என்றபோது அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு நடந்தது நடந்துவிட்டது. அவன் வெளியே வரும் நாளில் என்னவாக வருவான் என்பது எனக்கு முக்கியம்." தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வருகிறவர்கள்தான். பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி தனியாக, முழுமையாக இருக்க வேண்டும்; அதற்கான பணத்தை இங்கிருந்து எடுக்கவும் கூடாது, அங்கிருந்து எடுத்து இங்கே போடவும் கூடாது.

ஜூலை 16

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் திரும்பி வந்து, "சரி, பயிற்சி வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம், வெளியே போனால் வேலை இல்லை, வீடு இல்லை, அப்போது இந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்கிறார். இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது.

லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் களவு, போதைப்பொருள் விற்பனை, தெருச்சண்டை என்று வாழ்ந்த 999 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு எட்டு வாரச் சிந்தனைப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர் பணம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பயிற்சியை நடத்தியவர்களில் பலர் ஒருகாலத்தில் அதே தெருக்களில் இருந்தவர்கள். பணம் மட்டும் பெற்றவர்களிடம் நிலையான மாற்றம் இல்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் குற்றம் குறைந்தது, ஆனால் ஓராண்டில் அந்த மாற்றம் பெரிதும் மங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம் பத்தாண்டுகளுக்குப் பிறகும் களவு, வன்முறை போன்றவை ஏறத்தாழப் பாதியாகவே இருந்தன.

பணம் தீர்ந்துபோன பிறகும் ஏன் நீடித்தது? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தப் பணத்தால் சில மாதங்கள் சிறு வியாபாரம் செய்தார்கள், நல்ல சட்டை போட்டார்கள், மற்றவர்கள் அவர்களை வேறு ஆளாகப் பார்த்தார்கள். கற்றதைப் பழகிப் பார்க்க அவர்களுக்கு ஒரு தவணை கிடைத்தது. சிறை வாசலில் ஒரு பையோடு விடப்படுகிறவருக்கு அந்தத் தவணை கிடைப்பதில்லை. முதல் சில வாரங்கள் தங்க இடமும், கேள்வி கேட்காமல் வேலை தரும் ஒருவரும், வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச அதே மாதிரி ஒரு வட்டமும் வேண்டும். பயிற்சிக்கு நிதி கேட்கும்போது இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்காதவர்கள் பாதி வேலையைத்தான் கேட்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன்.

ஜூலை 17

தொலைபேசிக்காரர் என்ன ஆனார் என்று பலரும் கேட்டீர்கள். அவர் வெளியே வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சுமை ஏற்றி இறக்கும் வேலை; தங்கையின் கணவர் வாங்கிக் கொடுத்தது. போன மாதம் இரவு எட்டு மணிக்கு அழைத்தார். ரசீதின் பின்பக்கத்தில் ஒன்று எழுதியிருப்பதாகவும், வாசிக்கட்டுமா என்றும் கேட்டார்.

"என்ன நடந்தது: மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் என் கணக்கில் இரண்டு மூட்டை குறைகிறது என்றார். என்னென்ன நினைத்தேன்: ஒன்று, திருடன் என்கிறான். இரண்டு, உள்ளே இருந்தவன் என்பதால்தான் சொல்கிறான். மூன்று, இரண்டு மூட்டைக் கூலி போனால் வாடகைக்கு உதைக்கும்."

அங்கே நிறுத்தினார். உணர்ந்ததை எழுதவில்லையா என்று கேட்டேன்.

"அதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு சார். வீட்டுக்கு வந்துட்டேன்."

அந்த இரண்டு மூட்டைக்கான கூலி இன்னும் வரவில்லையாம். எழுத்தில் கேட்கலாமா, எப்படி எழுதுவது என்று கேட்பதற்காகத்தான் அழைத்திருந்தார்.